இந்தக் கதையைச் சொல்வது யார்? இலக்கியத்தில் ஆட்டிசம், ஓர் எளிய அறிமுகம்

தண்டையார்பேட்டை டீக்கடை ஒன்றில் நின்றுகொண்டு ஆட்டிசம் என்று பேச்செடுத்துப் பாருங்கள். ஒருவர், ‘அதாம்பா, மூளை வளர்ச்சி இல்லாத பசங்க’ என்பார். பக்கத்தில் நிற்பவர், ‘இல்ல இல்ல, கணக்குல புலியா இருப்பாங்க, படத்துல பார்த்தேன்’ என்பார். மூன்றாமவர், ‘சின்ன வயசுலயே செல்போன் குடுத்தா அப்படி ஆயிடும்’ என்று சொல்லிவிட்டு கிளாஸை வைப்பார். மூன்றும் சரியில்லை. ஆனால் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தங்கள் காதுக்கு வந்து சேர்ந்த கதையைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆட்டிசத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி சினிமா, நாவல், வார இதழ்க் கட்டுரை வழியாக வந்ததுதான். அதனால் அந்தக் கதைகள் எப்படி உருவாகின, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்று தெரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். இலக்கிய ஆர்வம் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கும் எல்லோருக்கும்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. மருந்து கொடுத்துக் குணப்படுத்தும் நோய் அல்ல. வாழ்நாள் முழுக்க உடன் இருப்பது. பிறரோடு பேசிப் பழகும் விதம் வேறாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒழுங்கு மாறினால் தவித்துப்போவது, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது, இவையும் இருக்கும். சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலர் பேசவே மாட்டார்கள். சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது. இத்தனை விதமானவர்களையும் ஒரே குடைக்குள் கொண்டுவருவதால்தான் ‘ஸ்பெக்ட்ரம்’ என்கிறார்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் இதுவும் ஒன்று.

இவ்வளவு பரந்த ஒன்றை ஒரு கதாபாத்திரத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

ஆட்டிசத்தை முதலில் கதையாகச் சொன்னவர்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எட்டு ஆண்கள், மூன்று பெண்கள். இன்று படித்தாலும் ஒரு சிறுகதைத் தொகுப்புப்போல இருக்கும். ஒவ்வொரு குழந்தையும் என்ன செய்தது, எந்த வாக்கியத்தை எப்படித் திருப்பிச் சொன்னது என்று நுணுக்கமாக எழுதியிருப்பார். ஆனால் அந்தக் குழந்தைகளின் பெற்றோர்கள் பாசம் காட்டாத, இறுகிப்போனவர்கள் என்றும் அவருக்குத் தோன்றியது. 1949-இல், பனி உருகாத ஃபிரிட்ஜுக்குள் வைக்கப்பட்டவர்கள்போல அந்தக் குழந்தைகள் வளர்க்கப்பட்டதாக எழுதினார். ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்ற பழிச்சொல் அப்படித்தான் பிறந்தது.

அந்தப் பழியை ஊரறியச் செய்தவர் புரூனோ பெட்டல்ஹைம். நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டிருந்து மீண்டவர். 1967-இல் வந்த ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்’ (காலியான கோட்டை) என்ற நூலில், வதைமுகாம் கைதி எப்படித் தனக்குள் சுருங்கிப்போவானோ அப்படித்தான் இந்தக் குழந்தையும் தாயிடமிருந்து சுருங்கிப்போகிறது என்று வாதிட்டார். எழுத்து நன்றாக இருந்தது, நிறையப் பேர் நம்பினார்கள். அறிவியல் அவர் பக்கம் இல்லை. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன், 1964-லேயே இது உடல் சார்ந்தது, வளர்ப்பு சார்ந்ததல்ல என்று ஆதாரத்தோடு எழுதியிருந்தார். ஆனாலும் பழி போகவில்லை. இன்றைக்கு நம் பக்கத்தில் ‘அம்மாக்காரி வேலைக்குப் போறா, அதான்’, ‘செல்போனைக் குடுத்துட்டு சீரியல் பார்த்தா வேற என்ன ஆவும்’ என்று பேசுவதும் அதே கதைதான். எழுதியவர் பெயர்தான் மறந்துபோயிற்று.

அதே 1967-இல் இன்னொரு புத்தகமும் வந்தது: கிளாரா கிளெய்பார்ன் பார்க் எழுதிய ‘தி சீஜ்’ (முற்றுகை). அவர் ஓர் அம்மா. அவருடைய நான்காவது குழந்தைக்கு ஆட்டிசம். தரையில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்து, தனக்குள்ளேயே மகிழ்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்னஞ்சிறு குழந்தையின் சித்திரத்தோடு அந்த நூல் தொடங்கும். பெட்டல்ஹைமுக்குக் குழந்தை ஒரு காலியான கோட்டை. பார்க்குக்கும் கோட்டைதான், ஆனால் தாய் வெளியே நின்று விடாமல் முற்றுகையிடுகிறாள், உள்ளே போய்ச் சேர. ஒரே வருடத்தில் வந்த இரண்டு நூல்களில் ஒன்றில் தாய் குற்றவாளி, மற்றொன்றில் தாய் சாட்சி. ஆட்டிசப் பெற்றோர் எழுதும் தன்வரலாறு என்ற வகைக்கே ‘தி சீஜ்’ முன்னோடி. மருத்துவமனையில் அரை மணி நேரம் பார்த்தவருக்கும், விடியற்காலை நான்கு மணிக்கும் உடன் விழித்திருப்பவருக்கும் தெரிவது வேறு என்பதை உலகம் அதில் கண்டுகொண்டது.

ஆனால் இரண்டிலும் ஒரு குரல் இல்லை. கோட்டைக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்டவரின் குரல்.

இது ஏன் பெரிய விஷயம் என்று காட்ட, ஒரே சம்பவத்தை மூன்று இடத்தில் நின்று எழுதிக் காட்டுகிறேன். இடம் பழைய வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோடு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை. அந்தத் தெருவில் அந்த நேரத்தில் போயிருப்பவர்களுக்கு மேற்கொண்டு வர்ணிக்க வேண்டாம்.

வழிப்போக்கர் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கும்: ‘கடை வாசலில் ஒரு பையன் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். ஒன்பது வயதிருக்கும். கண்கள் எங்கோ வெறித்திருந்தன. கூட்டம் அவனைச் சுற்றி வழிவிட்டு ஓடியது. அவன் தன் தனி உலகத்தில் இருந்தான்.’

அம்மா எழுதினால்: ‘கிளம்பும்போதே சொல்லியிருந்தேன், ஒரே கடை, ஒரே சட்டை, அப்புறம் வீடு. முதல் கடையில் அவன் அளவு இல்லை. இரண்டாவது கடைக்குத் திரும்பும்போதே அவன் விரல்களைப் பார்த்தேன், வேகமாக ஆடத் தொடங்கியிருந்தன. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டான். பைகளைக் கீழே போட்டுவிட்டு அவன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். யாரோ ஓர் அம்மா, பளார்னு ஒண்ணு வெச்சா அடங்கிடுவான் என்றார். மாமியார், இவனை எதுக்கு இழுத்துக்கினு வந்தே என்றார்.’

பையனே எழுதினால்: ‘ஒரு கடை என்றார்கள். இது இரண்டாவது. கதவுக்கு மேலே டியூப் லைட் துடிக்கிறது. எது எடுத்தாலும் நூறு, எது எடுத்தாலும் நூறு, எது எடுத்தாலும் நூறு. ஒவ்வொரு மூன்றாவது நூறுக்கும் ஸ்பீக்கர் கிரீச்சிடும். அது வரப்போவது தெரியும், அதனால் வருவதற்கு முன்பே வலிக்கிறது. தரை மட்டும்தான் அசையாமல் இருக்கிறது. உட்கார்கிறேன். தலைமேல் அம்மா கை. அந்த அழுத்தம் போதும்.’

முதல் பத்தியில் வரும் ‘தனி உலகம்’ எத்தனை கதைகளில் வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது பத்தியில் அப்படி எதுவும் இல்லை. அவன் நம்மோடு அதே எம்.சி. ரோட்டில்தான் இருக்கிறான், நம்மைவிட அதிகமாகவே இருக்கிறான். ஸ்பீக்கரின் கிரீச்சொலி மற்றவர்களுக்குக் கேட்கவே இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்றாவது பத்தியை எழுதியதும் நான்தான். எனக்கு ஆட்டிசம் கிடையாது. ஆட்டிசம் உள்ளவர்கள் எழுதியதைப் படித்து, அதிலிருந்து ஊகித்து எழுதினேன். ‘நான்’ என்று எழுதிவிட்டதால் மட்டும் அது அவன் குரல் ஆகிவிடாது. புதிதாகப் படிக்க வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

உலகம் முழுக்க விற்ற ‘தி கியூரியஸ் இன்சிடெண்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் ஹேடன் எழுதியது, 2003. கதை சொல்பவன் 15 வயது கிறிஸ்டோஃபர். அத்தியாயங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடாமல் பகா எண்களாகப் போடுகிறான். காலையில் தொடர்ந்து நான்கு சிவப்புக் கார்களைப் பார்த்தால் அன்று நல்ல நாள், நான்கு மஞ்சள் கார்களைப் பார்த்தால் யாரோடும் பேசமாட்டான். நாவலுக்குள் எங்கேயும் ஆட்டிசம் என்ற சொல் வராது. தான் பெரிதாக ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை, இது ஆட்டிசத்தைப் பற்றிய நாவலும் அல்ல என்று ஹேடனே பின்னாளில் சொன்னார். ஆனாலும் ஆசிரியர்களுக்கும் காவல்துறையினருக்கும் ஆட்டிசத்தைப் புரியவைக்கும் பாடநூல்போல அது கைமாறியது. நாவலாக எனக்குப் பிடித்த புத்தகம். லண்டன் ரயில் பயணப் பக்கங்களைப் படிக்கும்போது மூச்சுமுட்டும். ஆனால் ஆட்டிசத்துக்கு ஆதாரமாக அதைக் காட்டக் கூடாது. அதைப் படித்துவிட்டு ஆட்டிசம் என்றால் கணக்கு வரும், நகைச்சுவை புரியாது, அடுத்தவர் வலி தெரியாது என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

எலிசபெத் மூன் எழுதிய ‘தி ஸ்பீட் ஆஃப் டார்க்’ நாவலை இதோடு சேர்த்துப் படிக்கலாம். அவரும் ஆட்டிச மகனின் அம்மா. எதிர்காலத்தில் நடக்கும் கதை. வேலைக்குப் போகும், வாள்வீச்சு பழகும், காதலிக்கும் ஒருவனிடம் ஆட்டிசத்தை நீக்கும் சிகிச்சை ஒன்று வந்து நிற்கிறது. எடுத்துக்கொண்டால் நான் நானாகவே இருப்பேனா என்று அவன் கேட்கிறான். குழந்தையாகவே நின்றுவிடாமல் வயதுவந்த மனிதன் ஒருவன் மையத்தில் இருப்பதே அந்த நாவலின் பலம். நம் கதைகள் பலவற்றில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆவதே இல்லை.

சரி, உள்ளிருந்து வந்த குரல் எப்போது கேட்டது? 1986-இல் டெம்பிள் கிராண்டின் ‘எமர்ஜென்ஸ்’ என்ற தன்வரலாற்றை எழுதினார். மூன்றரை வயதுவரை பேசாதவர். பிற்பாடு கால்நடை அறிவியலில் முனைவர். மாடுகளை அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்துவிட்டு, தன் உடலை அதேபோல் இதமாக அழுத்தும் இயந்திரம் ஒன்றைத் தனக்காகவே செய்துகொண்டவர். எம்.சி. ரோட்டுப் பையன் தலைமேல் அம்மாவின் கை ஏன் அழுத்துகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் முதலில் அந்த நூலைச் சந்தேகத்தோடுதான் படித்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆட்டிசம் உள்ளவரால் தன்னைத் தானே பார்க்க முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அப்படியிருக்க, தன்வரலாறு எப்படி எழுதுவார்? கூட எழுதியவர்தான் எழுதியிருப்பார் என்று நினைத்தாராம். பிறகு நேரில் போய்ப் பழகி, அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அத்தனை பெரிய மருத்துவரையே ஒரு தன்வரலாறு திருத்தியிருக்கிறது.

கிராண்டின் 1995-இல் எழுதிய ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’ நூலில், ஆட்டிசம் உள்ளவர்கள் படம் படமாகச் சிந்திப்பார்கள் என்றார். பல வருடம் கழித்து வந்த பதிப்பில் அதைத் திருத்தினார்: எல்லோரும் அப்படியல்ல; சிலர் சொற்களால் சிந்திக்கிறார்கள், சிலர் ஒழுங்கமைவுகளால். உள்ளிருந்து எழுதுபவருக்கும் தன்னை மட்டும்தான் முழுதாகத் தெரியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் 1992-இல் எழுதிய ‘நோபடி நோவேர்’ வாசித்தால் வேறொரு மனிதரைப் பார்ப்பீர்கள், வேறொரு வலியையும். அண்மைக் காலத்தில் முப்பது வயதுக்கு மேல்தான் தங்களுக்கு ஆட்டிசம் என்று அறிந்த பெண்கள் எழுதும் நூல்கள் நிறைய வருகின்றன. சிறுமிகளிடம் ஆட்டிசத்தைக் கவனிக்காமலே விட்ட பல பத்தாண்டுகளின் கணக்கு அவற்றில் தீர்க்கப்படுகிறது.

இவர்கள் எழுத எழுத, ஆய்வுலகமும் அசைந்தது. டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012-இல் ஒரு வாதம் வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவர் மனம் புரிகிறதா? புரிதல் இரண்டு பக்கமும்தான் அறுகிறது. பின்னர் 2020-இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் போலவே கதை நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருவரையும் கலந்து நிறுத்திய வரிசையில்தான் கதை சிதைந்தது. எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு முடிவு இருக்காது என்பேன்.

பேசாதவர்கள் எழுதிய நூல்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. கர்நாடகத்தில் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் எட்டு வயது முதல் எழுதியவை 2000-இல் ‘பியாண்ட் தி சைலன்ஸ்’ என்று பிரிட்டனில் நூலாக வந்தன. ஜப்பானின் நாவோகி ஹிகாஷிடா 13 வயதில் எழுதிய ‘தி ரீசன் ஐ ஜம்ப்’ 2013-இல் ஆங்கிலத்துக்கு வந்து உலகைச் சுற்றியது. இரண்டும் உள்ளத்தைத் தொடும் எழுத்து. இந்த வகை நூல்களைச் சுற்றி ஒரு சர்ச்சையும் இருக்கிறது. எழுத்துப்பலகையைப் பிடித்துக்கொண்டோ கையைத் தாங்கிக்கொண்டோ இன்னொருவர் உதவும் முறைகளில், எழுதுவது பிள்ளையா உதவுபவரா என்பதே கேள்வி. கையைத் தாங்கும் முறையை 1990-களில் சோதித்தபோது, உதவுபவருக்குத் தெரிந்த விடைதான் எழுத்தில் வந்தது. அதனால் ஒவ்வொரு நூலுக்கும், இவர் எப்படி எழுதினார், தனியாக எழுதிப் பார்த்தார்களா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்பது அவர்களை அவமதிப்பதாகாது. பேசாதவருக்குள் சிந்தனையே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் அவமதிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டீக்கடை நண்பரின் ‘கணக்குல புலி’ 1988-இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்திலிருந்து கிளம்பியது. அபூர்வ நினைவாற்றல் உள்ளவர்கள் ஆட்டிசத்தில் சிறுபான்மைதான். ஆனால் கதைக்கு அது வசதி: பிள்ளையிடம் ஒரு அற்புதம் இருந்தால்தான் பார்ப்பவர் மன்னிப்பார். தமிழில் 2013-இல் வந்த ‘ஹரிதாஸ்’ ஆட்டிசத்தை மரியாதையோடு மையத்தில் வைத்த படம். தகப்பன் பொறுப்பேற்பதைக் காட்டியதற்காகவே எனக்கு நெருக்கமானது. அதிலும் பையன் ஓடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது. எதிலும் ஜெயிக்காத பிள்ளைக்கும் ஒரு கதை வேண்டுமே. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில்களை எண்ணிக்கொண்டு நிற்கும் பையனோ, மெட்ரோவில் விம்கோ நகர் வரை ஒவ்வொரு அறிவிப்பையும் பெண் குரலின் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லிக்கொண்டே வரும் இளைஞனோ எந்தப் பதக்கமும் வாங்கப்போவதில்லை. அந்த அறிவிப்பு அவனுக்கு ஆறுதல் என்பதையும், அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த சொற்கள் அவை என்பதையும் எழுதினாலே போதும், அது கதைதான்.

பெற்றோர் எழுதுவதில் ஒரு நெருடலைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்டிசம் உள்ள செயற்பாட்டாளர் ஜிம் சின்க்ளேர் 1993-இல் பெற்றோர்களைப் பார்த்து எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்று துக்கப்படுங்கள், தவறில்லை; ஆனால் வந்திருக்கும் குழந்தை முன்னால் அந்தத் துக்கத்தை வைத்து அழாதீர்கள். இன்னொன்று, அந்தரங்கம். அமெரிக்கத் தாய் ஒருவர் 2017-இல் எழுதிய நூலில் மகனின் உடல், பருவம், பிற்காலத்தில் அவன் பிள்ளை பெறலாமா என்பதுவரை எழுதியதற்கு ஆட்டிசம் உள்ள வாசகர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயமான கோபம். ஒண்டுக்குடித்தன வீடுகளில் வாழும் நம் வடசென்னைப் பகுதியில் ஏற்கெனவே எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். கழிவறைப் பழக்கத்தையும் சேர்த்து முகநூலில் எழுதினால், இருபது வயதில் அவன் அதைப் படிக்கக்கூடும். அதே சமயம் அம்மாக்கள் வாயை மூட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெட்டல்ஹைம் சுமத்திய பழியை உடைத்தது அம்மாக்களின் எழுத்துதான். தன் களைப்பை, தன் பயத்தை, மருத்துவமனை வரிசையில் தான் நின்ற நேரத்தை அம்மா தாராளமாக எழுதலாம். அவை அவளுடையவை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: தமிழிலேயே தொடங்குங்கள். யெஸ். பாலபாரதி எழுதிய ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ அடிப்படையை எளிமையாகச் சொல்லும், அவருடைய ‘துலக்கம்’ ஆட்டிசம் உள்ள இளைஞனை நடுவில் வைத்த நாவல். லஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஓர் அம்மாவின் அனுபவங்கள். ஆங்கிலம் வசப்பட்டவர்கள் கிராண்டினைப் படித்துவிட்டு, அப்புறம் ஹேடனைப் படியுங்கள். வரிசை முக்கியம், நாவலை முதலில் படித்தால் அதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தன்வரலாற்றையும் படிப்பீர்கள். உங்கள் வீட்டில் இப்போதுதான் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் பெட்டல்ஹைமை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

இந்தப் புத்தகங்கள் உங்கள் கிளை நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், நூலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆட்டிசம் உள்ள இளைஞர் யாராவது டைரியிலோ செல்போனிலோ தமிழில் எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரிந்தால், அவர் சம்மதித்தால், அதில் ஒரு பத்தியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுத்துப்பிழை திருத்தாமல் படியுங்கள்.